16 ஜிபி ராம் போட்டால் லேப்டாப் பறக்குமா?

கேள்வி இதுதான்: "அண்ணே, புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். மில் லேப்டாப் ஐ5-8250யு பிராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. டேலி, எக்செல், குரோமில் ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் அசைய மாட்டேன் என்கிறது. காரைக்குடியில் ஒரு கடையில் கேட்டால், 16 ஜிபி 3200 ராம் போடுங்க, நாலு மடங்கு வேகம் வரும் என்கிறார்கள். செலவு செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியணும் என்கிறார் முதலாளி. போடலாமா?"

ராம் போடலாம் தம்பி, போட்டே ஆக வேண்டும். ஆனால் 16 வேண்டாம், 3200 என்கிற வேக எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். நாலு மடங்கு என்பது வாய்க்கணக்கு. மிச்சமாகிற காசு அந்த ஹார்டு டிஸ்கை மாற்றப் போகட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இதே கேள்வியைப் பல பேர் கேட்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

ராம் என்பது தட்டுப்பாட்டைத் தீர்க்கிற பொருள். வேகத்தைக் கூட்டுகிற பொருள் இல்லை. மில்லில் இருக்கிறவருக்கு இதைச் சொல்வது சுலபம். நெல் காயப்போடும் களம்தான் ராம், கிட்டங்கிதான் டிஸ்க், அரவை மெஷின்தான் பிராசஸர். களம் சின்னதாக இருந்தால், காய்ந்ததும் காயாததுமாக மூட்டையைக் கட்டிக் கிட்டங்கிக்குத் தூக்கு, அடுத்ததைக் கொண்டு வா என்று ஆட்களுக்கு அதிலேயே பொழுது போய்விடும். மெஷின் சும்மா நிற்கும். களத்தைப் பெரிதாக்கினால் தூக்குகிற வேலை நின்றுவிடும். அதற்கு மேல் ஏக்கர் கணக்கில் களம் போட்டாலும் மெஷின் மணிக்கு அரைக்கிறது அதே மூட்டைதான்.

இந்தத் தூக்குகிற வேலைக்கு ஆகிற நேரம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் 4 ஜிபி லேப்டாப் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பது புரியும். ராமில் இருக்கிற ஒரு தகவலை பிராசஸர் எடுக்க சுமார் 100 நானோ நொடி ஆகும். எஸ்எஸ்டியில் (சுழலாத, சிப்பால் ஆன டிஸ்க்) இருந்து எடுக்க 100 மைக்ரோ நொடி, அதாவது ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்து என்றால் 10 மில்லி நொடிக்கு மேல், அதாவது லட்சம் மடங்கு. லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. நொடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதுவே 5.6 மில்லி நொடி. தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லி நொடி. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிற துண்டுகளை எடுக்கச் சொன்னால் நொடிக்கு அறுபது எழுபது துண்டுக்கு மேல் அதனால் எடுக்க முடியாது. ஒரு துண்டு 4 கேபி என்றால் நொடிக்கு 300 கேபிகூடத் தேறாது. "100 எம்பி வேகம்" என்று டிஸ்க் பெட்டியில் போட்டிருப்பது ஒரே நீளமான ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது வருகிற கணக்கு. ராம் போதாமல் விண்டோஸ் டிஸ்கில் பேஜ் ஃபைல் என்று ஒரு மாற்று இடம் வைத்துப் புழங்கும்போது வருவது வரிசைப் படிப்பு இல்லை, சிதறல் படிப்பு.

நீங்கள் அனுப்பிய டாஸ்க் மேனேஜர் படத்திலேயே இது அப்பட்டமாக இருக்கிறது. மெமரி 3.6/3.9 ஜிபி, 92 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம், ஆனால் அடியில் படிக்கும் வேகம் 2 எம்பிகூட இல்லை. சிபியு 14 சதவீதம். டிஸ்க் மூச்சு முட்ட ஓடுகிறது, எடுத்துக்கொடுப்பது சொற்பம், பிராசஸர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் நோய் என்ன என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அதே படத்தில் பெரும்பாலானோர் பார்க்காத ஓர் எண் இருக்கிறது. மெமரி பக்கத்தில் கீழே 'கமிட்டட்' என்று போட்டு உங்களுக்கு 7.6/9.9 ஜிபி என்று காட்டுகிறது. முதல் எண், திறந்திருக்கிற எல்லா மென்பொருளும் சேர்ந்து கேட்டு வாங்கியிருக்கிற மொத்த இடம். இரண்டாவது, ராமையும் பேஜ் ஃபைலையும் சேர்த்து விண்டோஸ் தரக்கூடிய உச்ச அளவு. உங்களிடம் இருப்பது 3.9, வாக்குக் கொடுத்திருப்பது 7.6. மீதியைப் பாதி சுருக்கி வைத்தும் பாதி டிஸ்கில் தள்ளியும் விண்டோஸ் சமாளிக்கிறது. 'இன் யூஸ்' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நானூறு சொச்சம் எம்பி இருக்கிறதே, அதுதான் சுருக்கி வைத்தது. விண்டோஸ் 10 வந்த காலத்தில் இருந்து இந்த வித்தை உண்டு. சுருக்கவும் விரிக்கவும் பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை ஆகும், இருந்தாலும் டிஸ்குக்குப் போய்வருவதைவிட எவ்வளவோ மேல்.

எவ்வளவு ராம் வாங்குவது என்பதற்கு நான் பார்க்கும் கணக்கு இதுதான். மாதக் கடைசியில், எல்லாவற்றையும் திறந்து வைத்து மும்முரமாக வேலை நடக்கிற நேரத்தில் கமிட்டட் முதல் எண் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். ராம் அதைவிட ஒரு மூன்று நாலு ஜிபி கூட இருந்தால் போதும். கேட்டு வாங்கிய இடம் முழுவதையும் மென்பொருள்கள் ஒரே நேரத்தில் தொடுவதில்லை, அதனால் இது தாராளமான கணக்குத்தான். உங்களுக்கு 7.6. ஐந்தொகை எடுக்கும் நேரத்தில் 9 வரை போகிறது என்றே வைத்துக்கொள்வோம். 8 ஜிபி இழுபறி, 12 தாராளம். 16-ல் நாலு ஜிபி எந்நேரமும் தூங்கும். இருக்கிற 4-ஐக் கழற்றாமல் காலி ஸ்லாட்டில் ஓர் 8 சொருகினால் 12 ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும், "புது ராம் போட்ட பிறகும் 60 சதவீதம் காட்டுகிறதே, இதுவும் பத்தவில்லையா" என்று ஒரு கேள்வி வரும். இடம் இருக்கிறது என்று தெரிந்தால் விண்டோஸ் தானே அதிகம் எடுத்துக்கொள்ளும். நேற்றுத் திறந்த ஃபைல், அடிக்கடி திறக்கும் மென்பொருள் எல்லாவற்றையும் காலி இடத்தில் அடுக்கி வைக்கும். 'கேஷ்டு' என்று தனியாகக் காட்டுவது அதுதான், கேட்டால் அந்த நொடியே விட்டுக்கொடுக்கும். காலியாகக் கிடக்கிற ராமால் யாருக்கும் லாபம் இல்லை. ராமைச் சுத்தம் செய்கிறேன் என்று வருகிற இலவச மென்பொருள்கள் இந்த அடுக்கைக் கலைத்துவிட்டுப் பெரிய எண்ணைக் காட்டிக் குஷிப்படுத்தும், அடுத்த நிமிடம் எல்லாவற்றையும் டிஸ்கில் இருந்து மறுபடி படிக்க வைக்கும். இருந்தால் தூக்கி எறியுங்கள்.

சரி, வாங்கும் கதைக்கு வருவோம். எட்டாம் தலைமுறை லேப்டாப் என்பதால் ராமின் வகை டிடிஆர்4 தான், இருந்தாலும் ஸ்டிக்கரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். லேப்டாப் ராமில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் சொருக முடியாது. மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3எல் 1.35 வோல்ட், டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. உள்ளே போகவில்லை என்றால் அழுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம், வாங்கியது தப்பு என்று அர்த்தம்.

டாஸ்க் மேனேஜரில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்று காட்டுவதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். அது பயாஸ் (போர்டிலேயே இருக்கிற தொடக்க மென்பொருள்) எழுதிவைத்த தகவலை அப்படியே ஒப்பிக்கிறது. சில மாடல்களில் போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபியையும் ஒரு ஸ்லாட் என்று எண்ணும். சில மலிவு மாடல்களில் போர்டில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு இடம் விட்டிருப்பான், கனெக்டரைப் பற்றவைத்திருக்க மாட்டான். பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் சாட்சி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் எஸ்ஓ-டிம் என்று இருந்தால் கழற்றலாம், 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. எல்பிடிடிஆர் என்று பெயர் தொடங்கினால் பொதுவாக நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான். இப்போது வருகிற மெல்லிசு லேப்டாப்களில் பல அந்த ஜாதி. வாங்கும்போதே 16 வாங்க வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அதில் கிடையாது.

பிராசஸருக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. உங்கள் 8250யு-க்கு இன்டெல் சொல்வது 32 ஜிபி, அதனால் கவலை இல்லை. இதையே செலரான் என்4020 வைத்திருக்கிற ஒருவர் கேட்டால் வரம்பு 8 ஜிபி. அதற்கு மேல் போட்டு ஓடுகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்தவர் காசில் அந்தச் சோதனையை நான் செய்ய மாட்டேன்.

இப்போது அந்த 3200. உங்கள் பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் டிடிஆர்4-ல் 2400-க்கு மேல் போகாது. 3200 ராம் சொருகினால் அது தன்னைத் தாழ்த்திக்கொண்டு 2400-ல் ஓடும். கெடுதல் இல்லை, பலனும் இல்லை. கடையில் 2400 கிடைக்காமல் 3200 மட்டும் அதே விலையில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அபூர்வமாகச் சில பழைய போர்டுகள் 3200 ராமைக் கண்டால் திரையே வராமல் முரண்டு பிடிக்கும். ஓடவில்லை என்றால் மாற்றித் தர வேண்டும் என்று பேசிவிட்டு வாங்குங்கள்.

3200 ஓடுகிற லேப்டாப்பிலேயே அது எவ்வளவு உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாகக் கிடைக்கும் 2400 ராமுக்கு சிஎல்17, 3200 ராமுக்கு சிஎல்22. அந்த எண், கேட்ட தகவல் வர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பது. 2400 ராமின் கடிகாரம் 1200 மெகாஹெர்ட்ஸ், 17-ஐ அதால் வகுத்தால் 14.2 நானோ நொடி. 3200-க்குக் கடிகாரம் 1600, 22-ஐ வகுத்தால் 13.75. காத்திருக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுவது ஒரே நேரத்தில் அள்ளிக்கொண்டு வரும் அளவு மட்டும். 2400-க்கு நொடிக்கு 19.2 ஜிபி, 3200-க்கு 25.6 ஜிபி. கணக்கு எழுதுகிற வேலையில் காத்திருப்புத்தான் பெரிது, அள்ளுவது இல்லை. டேலிக்கு 3200 வாங்கிக்கொடுத்தால் டேலிக்கே தெரியாது.

அள்ளுகிற அளவு எங்கே உதவும் என்றால், காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரைசன் லேப்டாப் போன்றவற்றில். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது, பிராசஸரோடு சேர்ந்த கிராஃபிக்ஸ் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். 8 ஜிபி போட்ட லேப்டாப் 5.9 ஜிபி என்று காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டானா என்று கேட்பார்கள். 2 ஜிபியை கிராஃபிக்ஸுக்கு என்று ஒதுக்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த மாதிரி மெஷினில் ஒற்றை 8-க்குப் பதில் இரண்டு 8 போட்டால் கேமிலும் வீடியோ எடிட்டிங்கிலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இடம் கூடியது பாதிக் காரணம், இரண்டு பாதையில் டேட்டா வருவது மீதிக் காரணம். 25.6 என்பது 51.2 ஆகிவிடும். அங்கேயும் ஒரு கூரை உண்டு. ஜிடிஎக்ஸ் 1650 என்ற சாதாரணத் தனி கார்டின் ஜிடிடிஆர்5 மெமரியே நொடிக்கு 128 ஜிபி. ராமை எவ்வளவு கூட்டினாலும் சேர்ந்த கிராஃபிக்ஸ் தனி கார்டு ஆகாது.

உங்களுக்கு 4-ம் 8-ம் ஜோடி சேராதே, இரட்டைப் பாதை போய்விடுமே என்று யாராவது பயமுறுத்துவார்கள். இன்டெல் மெஷின்களில் 4-உம் அதற்கு எதிரே 8-ல் ஒரு 4-உம் சேர்ந்து முதல் 8 ஜிபி இரட்டைப் பாதையில் ஓடும், மிச்சம் 4 மட்டும் ஒற்றைப் பாதையில். உங்கள் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கம்பெனி வேறு வேறாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டில் மெதுவான ராமின் வேகத்துக்கு இரண்டும் வந்துவிடும். ஸ்டிக்கரில் 1ஆர்எக்ஸ்8, 1ஆர்எக்ஸ்16 என்று இருப்பதில் முதலாவது கொஞ்சம் நல்லது. கிடைத்தால் வாங்குங்கள், தேடி அலைய வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குச் சிப் தயாரிக்கத்தான் கம்பெனிகளுக்கு இப்போது ஆசை, நமக்கு வருவது மிச்சம் மீதி. அதனால் பழைய லேப்டாப்பில் கழற்றிய ராமை வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் அதிகம். வாங்கலாம். ராம், எஸ்எஸ்டி மாதிரி எழுத எழுதத் தேய்கிற பொருள் இல்லை. ஸ்டிக்கர் கிழித்து ஒட்டியதாக இருக்கக்கூடாது, தங்கப் பட்டை கருத்திருக்கக்கூடாது, போட்டுச் சோதித்துப் பார்க்க இரண்டு நாள் தவணை வேண்டும்.

இனி அந்த ஹார்டு டிஸ்க். 12 ஜிபி ஆன பிறகு பேஜ் ஃபைல் தொந்தரவு ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் காலையில் லேப்டாப்பைப் போட்டதும் டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற நிலைமை மாறாது. விண்டோஸ் எழுந்திருப்பது, டேலி முதல் தடவை திறப்பது, குரோம் முதல் தடவை திறப்பது எல்லாம் டிஸ்கில் இருந்து ராமுக்கு வருகிற பயணம். அந்தப் பயணத்தைக் குறைக்க ராமால் முடியாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, அதே ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் உட்காரும். நொடிக்கு 550 எம்பி வரை, அதைவிட முக்கியமாகச் சிதறல் படிப்பில் ஆயிரக்கணக்கான துண்டுகள். போர்டில் எம்.2 என்கிற சின்ன ஸ்லாட் இருந்து அது என்விஎம்இ என்கிற வேகமான வகையை ஏற்குமானால் 3000 எம்பிக்கு மேல் போகிற எஸ்எஸ்டியும் போடலாம், ஆனால் கணக்கு வேலையில் அந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவர் கெட்டிக்காரர். 500 ஜிபி போதும். பழைய 1 டிபியை ஒரு உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு தருவேன் என்றால்? 8 ஜிபி வைத்திருக்கிறவருக்கு யோசிக்காமல் எஸ்எஸ்டி என்பேன். 4 ஜிபி வைத்திருக்கிற உங்களுக்கு, ஒன்றுதான் என்றாலும் எஸ்எஸ்டியே முதலில். பேஜ் ஃபைல் ஓடினாலும் எஸ்எஸ்டியில் ஓடட்டும். ஆனால் ராமை அதிக நாள் தள்ளிப்போடக்கூடாது, ஓயாத பேஜ் ஃபைல் எழுத்து எஸ்எஸ்டியின் ஆயுளைத் தின்னும்.

ராமும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகும் சில வேலைகள் அப்படியேதான் இருக்கும். அதை முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள், பிறகு உங்கள் தலை உருளக்கூடாது. பெரிய ரிப்போர்ட் எடுக்கும்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது, சிபியு 14 சதவீதம்தானே காட்டுகிறது, அப்படியானால் பிராசஸர் சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். உங்கள் பிராசஸரில் 4 கோர், 8 திரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை. ஒரு வேலை ஒரே திரெட்டில் ஓடுகிற மாதிரி எழுதப்பட்டிருந்தால், அந்த ஒன்று முழுமூச்சாக ஓடினாலும் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம்தான். சிபியு வரைபடத்தில் வலது கிளிக் செய்து 'லாஜிக்கல் பிராசஸர்ஸ்' என்று மாற்றிப் பாருங்கள். எட்டுக் கட்டத்தில் ஒன்று உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த வேலையின் எல்லை அதுதான். 32 ஜிபி போட்டாலும் ஒரு நொடி குறையாது.

எக்செலுக்கும் ஒரு விஷயம் உண்டு. டாஸ்க் மேனேஜரில் எக்செல் பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று காட்டுகிறதா பாருங்கள். ஊரில் பல கடைகளில் பழக்கதோஷத்தில் 32 பிட் ஆபீஸைத்தான் ஏற்றிவிடுகிறார்கள். அது பழைய பதிப்பு என்றால் 2 ஜிபிக்கு மேலும், புதியது என்றால் 4 ஜிபிக்கு மேலும் தொடாது, நீங்கள் எவ்வளவு ராம் வைத்திருந்தாலும் சரி. 32 பிட்டில் எண்ண முடிகிற முகவரியே 429 கோடி பைட்தான், அதுதான் அந்த 4 ஜிபி. விண்டோஸே 32 பிட் என்றால் இன்னும் மோசம், புது ராமைச் சொருகினாலும் மூன்று ஜிபி சொச்சம்தான் பயன்படும். 'செட்டிங்ஸ்' போய் 'சிஸ்டம்', 'அபௌட்' பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி தளத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி போடும்போது தளம் சுற்றுவதற்கு உங்கள் ராமும் காரணம் இல்லை, உங்கள் முதலாளியும் காரணம் இல்லை.

அரிசி மில் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மில்களில் இருந்து வருகிற லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தவிட்டுத் தூசி ஒரு கம்பளி மாதிரி படிந்திருக்கும். விரலால் நெம்பினால் உடையாமல் அடை அடையாகக் கழன்று வரும், உமித் துகள் அதில் பளபளக்கும். காற்று போக வழியே இருக்காது. 8250யு 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது, அடிப்படை வேகமே 1.6 தான். சித்திரை வெயிலில், மில் ஆபீஸ் தகரக் கூரைக்கு அடியில், அந்த 1.6-க்கும் கீழே இறங்கி 0.8 காட்டுகிற மெஷின்கள் உண்டு. வேலை நடக்கும்போது டாஸ்க் மேனேஜரில் சிபியு 'ஸ்பீடு' எவ்வளவு என்று பாருங்கள். மும்முரமான நேரத்தில் 1.6-க்குக் கீழே போனால் முதல் செலவு ராம் இல்லை, ஃபேனைச் சுத்தம் செய்து புதுத் தெர்மல் பேஸ்ட் வைப்பது. எப்படியும் ராம் போடப் பின்மூடியைத் திறக்கிறோம், கையோடு இதையும் முடித்துவிடுங்கள்.

நீங்களே போடுவதாக இருந்தால் முதல் வேலை டேலி டேட்டாவை பென்டிரைவில் ஒரு பிரதி, வேறோர் இடத்தில் ஒரு பிரதி. ராம் மாற்றுவதால் டேட்டா போகாது, ஆனால் ஆண்டு முழுவதும் பேக்கப் எடுக்காதவருக்கு டிஸ்க் அன்றைக்குத்தான் சாகும். ஷிஃப்ட் கட்டையை அழுத்திக்கொண்டு ஷட்டௌன் கொடுங்கள். சாதாரண ஷட்டௌன் பாதித் தூக்கம்தான். சார்ஜரைக் கழற்றுங்கள், அப்போதுதான் உலோக மூடியில் விறுவிறு என்று இழுக்காது. திருகுகளைக் கழற்றும்போது எந்த ஓட்டையில் எது என்று ஒரு தாளில் வரைந்து அதன் மேலேயே வையுங்கள், நீளம் வேறு வேறாக இருக்கும். நீளமானதைத் தப்பான ஓட்டையில் முறுக்கினால் போர்டையோ மேல் மூடியையோ குத்திவிடும். பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் சொருகி நகர்த்தினால் மூடி டக் டக்கென்று விடும். முதலில் பேட்டரி கனெக்டரை எடுங்கள், பிறகுதான் மற்றது. நிலைமின்சாரத்துக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்து, ஒரு இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வீடு என்றால் இன்னும் சௌகரியம், திருகு கீழே விழுந்தால் மட்டும் அந்தப் பூ டிசைனில் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ராமை ஓரங்களில் மட்டும் பிடித்து, சாய்வாக ஸ்லாட்டுக்குள் முழுதாகத் தள்ளுங்கள். தங்கப் பட்டை மெல்லிய கோடாகத் தெரிந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் தெரியக்கூடாது. பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் கிளிக்கென்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் எடுத்து மறுபடி போடுங்கள். முதல் தடவை போட்டதும் திரை கருப்பாகவே கொஞ்ச நேரம் இருக்கலாம், பதற வேண்டாம். இரண்டு நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் கழற்றி, பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பத்தில் எட்டுக் கோளாறு இதிலேயே சரியாகிவிடும்.

ஓடத் தொடங்கியதும் டேலியைத் திறக்காதீர்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஒரு தடவை ஓட்டுங்கள். முடிந்தால் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். சில நாள் ஓடிப் பார்ப்போம் என்று விட்டால், ஏதோ ஒரு நாள் வவுச்சர் சேமிக்கும்போது நீலத்திரை வரும், கணக்கு ஃபைலில் என்ன கெட்டது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பிராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது, எட்டாம் தலைமுறைக்கு முந்தியவர்களுக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை. காகிதத்தில் 4 ஜிபி போதும் என்று போட்டிருப்பார்கள், அந்தப் பேச்சை நம்பி இப்போதைய நிலையில் ஏற்றாதீர்கள். எஸ்எஸ்டி போடும் அன்றைக்கே அதில் புதிதாக 64 பிட் விண்டோஸ் 11, 64 பிட் ஆபீஸ் ஏற்றி, டேலி டேட்டாவைத் திரும்ப வைத்தால் ஒரே கல்லில் எல்லாம் முடிந்தது.

கடைக்குப் போகும் முன் பின்மூடியைத் திறந்து, ஸ்லாட் இருக்கும் இடத்தையும் இப்போது இருக்கிற ராமின் ஸ்டிக்கரையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி. பிசி4 என்று தொடங்கி என்ன எண் போட்டிருக்கிறது என்று பார்த்தால், எது கேட்டு வாங்குவது என்று சொல்லிவிடுகிறேன்.